மதில்மேல் இலை

ஜூலை 7, திங்கள்

இன்று முதல் தினமும் எழுத வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. என்ன தின்றான், எப்போது வாந்தியெடுத்தான், மலம் எப்படி இருந்தது. பி.டி. டீச்சராக இருந்த காலத்தில் யார் நகம் வெட்டவில்லை, யார் ஷூ போடவில்லை என்று குறித்து வைத்தவள் நான். ஓய்வு பெற்றபின் ஒரு பூனையின் கழிச்சலைக் குறித்து வைக்கிறேன். பதவி உயர்வுதான்.

துரை என் வீட்டுக்காரருடைய பூனை. அவர் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். இவன் என் தலையில் விழுந்தான். மூன்று மாதமாகத் தின்பது தங்குவதில்லை. தடவினால் முதுகெலும்பு கையில் இடறுகிறது.

டாக்டர் வெண்ணிலா என்னிடம் படித்த பெண்ணாம். "எட்டாங்கிளாஸ்ல என்னைய வெயில்ல நிக்க வச்சீங்களே டீச்சர், ஞாபகம் இருக்கா?" என்றாள். நான் நிற்க வைத்தவர்கள் ஒருவரா இருவரா, நினைவு வைத்துக்கொள்ள? ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னாள். "குடல் சுவர் தடிச்சு வீங்கியிருக்கு. நாள்பட்ட வியாதி டீச்சர், முழுசாப் போவாது. ஆனா பத்தியம் சரியா இருந்தா பல வருஷம் நல்லா இருப்பான். வேகவச்ச கோழி, நான் குடுக்குற பொடி, ரெண்டு வேளை மாத்திரை. வேற எதுவும் வாயில படக்கூடாது. பால் ஒரு சொட்டுகூட. நக்குனாலும் கணக்குதான்."

பிறகு சிரித்துக்கொண்டே, "உங்களுக்கா நான் சொல்லித் தரணும்? சாருக்கு நீங்க பாத்த பத்தியம் ஊருக்கே தெரியுமே" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

அவர் போய் வருஷம் திரும்பும்வரை இந்த வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறாது. அதனால் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் கரண்ட் அடுப்பை வைத்து, தனிப் பாத்திரத்தில் கோழியை வேகவைத்தேன். உப்பில்லை, மஞ்சளில்லை. துரை முகர்ந்து பார்த்தான். என்னையும் பார்த்தான். வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மாலையில் பசி பொறுக்காமல் தின்றான். வாந்தி இல்லை.

ஜூலை 11, வெள்ளி

பத்தியம் நடக்கிறது. டாக்டர் கேட்டதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று சட்டமில்லையே, மற்றதையும் எழுதுகிறேன்.

அவர் போனதிலிருந்து தினமும் காலையில் குளித்துச் சமைத்து, கொல்லை மதிலில் காக்கைக்கு இலை வைக்கிறேன். மற்ற வீடுகளில் ஒரு பிடி வெறும் சோறு வைப்பார்கள். நான் அவருக்குப் பிடித்ததைச் செய்து வைக்கிறேன். நெய் ஊற்றிய பருப்புச் சாதம், கெட்டித் தயிர், உளுந்து வடை, அப்பளம். சிறுநீரகம் கெட்டபின் நான்கு வருஷமாக நான் அவர் கண்ணில் காட்டாதவை எல்லாம். அவருக்கு உப்பை அளந்தேன், தண்ணீரை டம்ளரில் அளந்தேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். டாக்டர்களே சொன்னார்கள். ஆனால் மனிதர் என்மேல் கோபத்தோடுதான் போனார். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் இலையை எதுவும் தொடவில்லை. சோறு காய்ந்து கிடக்கும். தை மாதத்தில் ஒருநாள் போய்ப் பார்த்தால் இலை காலி! அன்று மதிலருகில் நின்று அழுதேன். அதன்பின் அநேகமாக தினமும் காலிதான். ஆள் நின்றால் காக்கை வராது என்பதால் இலையை வைத்துக் குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.

இன்றும் காலி. துரைக்கு லேசாக இளகிய மலம்.

ஜூலை 18, வெள்ளி

கால் கிலோ கூடியிருக்கிறான் என்று வெண்ணிலா சொன்னாள். "நீங்க பாத்தா தேறாம எப்படி?" என்றாள். ஒரு வாரமாக முதுகுவலியால் எனக்கே கஞ்சிதான். இலைக்கு வெறும் சோறு வைத்தேன். அதைக் காக்கை அவ்வளவாகத் தொடவில்லை. அவருக்கு எப்போதுமே நாக்கு நீளம்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

இன்று ஒரு குறையும் வைக்கவில்லை. வடை, பருப்பு, சேப்பங்கிழங்கு வறுவல், பால் பாயசம். பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி, முந்திரி நெய்யில் வறுத்து, கை தாராளமாகச் செய்தேன்.

பாயசம் என்றால் எழுதத்தான் வேண்டும். போன வருஷம் மகன் கதிரவன் குடும்பத்தோடு ஓசூரிலிருந்து வந்தபோது பேரப் பிள்ளைகளுக்காகப் பாயசம் வைத்தேன். அவர்கள் கிளம்பியபின் அவர் வந்து அடுக்களை வாசலில் நின்றார். "ஒரே ஒரு கரண்டி, தையல்" என்று என் பேரைச் சொல்லிக் கேட்டார். பெரிய ஆள், வாத்தியாரிடம் லீவு கேட்கும் பையன்போல நின்றார். "சர்க்கரை எவ்வளவு, கிட்னி எந்த லட்சணத்துல இருக்குன்னு தெரிஞ்சுமா கேக்குறீங்க?" என்றேன். மிச்சத்தை அவர் கண்ணெதிரிலேயே தூக்குவாளியில் ஊற்றி மாடி வீட்டுப் பர்வீனிடம் கொடுத்துவிட்டேன். வைத்திருந்தால் எடுத்துத் தின்பார் என்று. அவர் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

இன்று இலை வழித்துவிட்டதுபோல் இருந்தது. பாயசம் ஊற்றிய இடம் பளபளவென்று. எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கதிரவனுக்குப் போன் செய்து, "அப்பா வயிறாரச் சாப்பிட்டாருடா" என்றேன். அவன், "சரிம்மா, நீ சாப்பிடு" என்றான். நன்றாகச் சாப்பிட்டேன். நாள் முழுக்க மனசு லேசாக இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

துரைக்கு விடியலிலிருந்து வாந்தி. கழிச்சல் தண்ணீராக. திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாக ஏதோ. நான் பார்த்துப் பார்த்துக் கோழி தருகிறேன், இது எங்கிருந்து வந்தது? மாடியில் நேற்று மீன் வறுத்த வாசனை வந்தது. அங்கேதான் யாரோ போடுகிறார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

பர்வீனைக் கீழே கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். ஏழு வருஷமாகக் குடியிருக்கிறாள், ஒரு சொல் அதிகம் பேசியதில்லை.

"ஏம்மா, பூனைக்கு மீனு கீனு போடுறியா?"

"அல்லா, நான் ஏன் டீச்சர் போடப்போறேன்? உடம்பு சரியில்லன்னு நீங்க சொன்னதுலேர்ந்து பிள்ளைங்ககிட்டகூட சொல்லி வச்சிருக்கேன்."

"பின்ன எங்கேருந்து தின்னுட்டு வருது? ஆகாயத்துலேர்ந்தா?"

அவள் வாயைத் திறந்தாள். மதிலைப் பார்த்தாள். பிறகு, "தெரியல டீச்சர்" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள். முழுங்கிய முழுங்கலிலேயே தெரிகிறது, அவள்தான். நானும் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். மைதானக் குரல், தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெண்ணிலா மாத்திரையைக் கூட்டினாள். ஊசி போட்டாள். எடை பழையபடி இறங்கிவிட்டது.

"வெளிய போறானா டீச்சர்?"

"மதில் வரைக்கும் போவான். வெயில் காய."

"அங்க திங்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

இல்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான். வைப்பதைத்தான் காக்கை தின்றுவிடுகிறதே.

மடியில் போட்டு மாத்திரை கொடுக்கும்போது இவன் மீசையில் நெய் வாசனை. என் கையிலிருந்து ஒட்டியிருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அதிரசம் செய்தேன். இலை காலி.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் வாந்தி. மாலையிலும்.

ஆகஸ்ட் 20, புதன்

வாந்தியில் சின்னச் சின்னதாக வெள்ளையாய்க் கிடந்தன. புழு என்று தோன்றியது. வெண்ணிலாவுக்குப் போன் செய்தேன். "அரிசி மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டாள். "ஆமாம்மா, அச்சு அசல் அரிசி மாதிரியே" என்றேன். நாடாப்புழு அப்படித்தான் உதிருமாம். பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி. பர்வீனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளை பார்க்கலாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பூச்சி மருந்து வேலை செய்யவில்லை. துரை தண்ணீர்த் தொட்டியருகில் குந்திக்கொண்டே இருக்கிறான். குடிப்பதில்லை. சும்மா பார்க்கிறான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பர்வீன் தானாகவே வந்தாள். மாடிப்படிக்கு அடியில் துரை சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"டீச்சர், கோச்சுக்காதீங்க. சொல்லாம இருந்தா அந்த ஜீவன் செத்துப்போயிரும்."

"சொல்லு."

"உங்க இலைக்குக் காக்கா வர்றதே இல்ல டீச்சர். துரைதான் திங்கிறான். நீங்க உள்ள போன ஒடனே மதில்ல ஏறிருவான்."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"எப்பவுமே."

"மொதல்லயே சொல்றதுக்கு என்ன? நான் உன்னயப் போட்டு அந்தப் பேச்சு பேசினேனே."

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "நீங்க அந்த எலைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டத பால்கனிலேர்ந்து பாத்தேன் டீச்சர். எப்படிச் சொல்றது? திட்டு வாங்குனா வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்."

உள்ளே வா என்றுகூட அவளைச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டேன்.

எனக்குத் தெரியவே தெரியாது என்று இங்கே எழுத வந்தேன். எழுத முடியவில்லை. நெய் வாசனை தெரிந்தது. பருக்கை தெரிந்தது. ஒருநாள் நின்று பார்த்திருந்தால் போதும், நிற்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

இன்று நின்று பார்த்தேன்.

இலை வைத்தேன். பருப்புச் சாதம், தயிர், மீண்டும் பாயசம். உள்ளே வந்து அடுக்களை ஜன்னலில் நின்றேன். துரை வந்தான். மதிலில் ஏறவே இரண்டு தடவை சறுக்கினான், அவ்வளவு பலவீனம். முதலில் பாயசத்துக்குத்தான் போனான். கண்ணை மூடிக்கொண்டு நக்கினான்.

ஒரு 'சூ' போதும். நான் விசில் ஊதினால் ஒரு மைதானமே அசையாமல் நிற்கும். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. சாப்பிடட்டும், சாப்பிடட்டும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு கரண்டிதானே கேட்டார். கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டு நின்றேன். தெரிந்தே.

மத்தியானம் துரை விழுந்துவிட்டான். பின்னங்கால் இழுத்தது. பர்வீன் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். பர்வீன் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 4, வியாழன்

சலைன் ஏறுகிறது. பிழைப்பானா என்று கேட்டால், "நாளைக்குக் கேளுங்க" என்கிறாள் வெண்ணிலா.

செப்டம்பர் 5, வெள்ளி

வெண்ணிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புழுவையும் சொன்னேன். அவள் பேனாவை மேஜையில் வைத்தாள்.

"பருக்கைய புழுன்னு நெனச்சு நான் பூச்சி மருந்து வேற குடுத்திருக்கேன். டீச்சர், நீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பிள்ளைகள் என் முன்னால் அப்படி நின்றிருக்கிறார்கள். அவள் மேற்கொண்டு திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்தத் தடவை தப்பிச்சிட்டான். இன்னொரு தடவை தாங்க மாட்டான்."

"இந்தப் பத்தியம் எத்தன நாளைக்கும்மா?"

"அவன் இருக்கிற வரைக்கும்."

அவரும் இதையே என்னிடம் கேட்பார். நானும் இதையேதான் சொல்வேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

துரை வீட்டுக்கு வந்தான். இலை வைக்கும் நேரத்தில் அவனை அறையில் அடைத்துவிட்டு மதிலருகில் காவல் நின்றேன். ஒரு காக்கை தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது. இலைப் பக்கம் திரும்பவில்லை. வெயில் ஏறிச் சோறு காய்ந்தது. நானே எடுத்துக் கொட்டினேன்.

அப்படியென்றால் தையிலிருந்து அவர் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. நான்தான் மன்னிப்பு வாங்கிவிட்டதாகத் துள்ளிக்கொண்டிருந்தேன்.

பர்வீனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர்" என்று டீ போட்டுக் கொடுத்தாள். அழுகையை அடக்கிக் குடித்ததில் நாக்கு சுட்டுவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு. மகாளய அமாவாசை

இலை அப்படியே. துரை இலையைத் தின்ற கதையையெல்லாம் கேட்டுவிட்டுக் கதிரவன் போனில், "ஆத்தங்கரை அம்மா மண்டபத்துக்குப் போயிரும்மா, அங்க காக்கா கும்பலா இருக்கும், வச்ச ஒடனே எடுத்துரும்" என்றான். அங்கே எடுப்பது யாருடைய அப்பாவோ. இவருக்கு இந்த வீட்டு மதில்தான் தெரியும்.

அக்டோபர் 8, புதன்

வாந்தி இல்லை. மலம் கெட்டி. எடை ஏறுகிறது. ஆனால் துரை என் பக்கமே வருவதில்லை. மடியில் போட்டால் இறங்கி ஓடுகிறான். அறைக் கதவைப் பிராண்டிப் பிராண்டிப் பெயின்ட் போய்விட்டது. அவனுக்கு நான் யார்? தின்ன விடாமல் அடைத்து வைக்கிறவள்.

அக்டோபர் 30, வியாழன்

முதல் வருஷத் திதி. கதிரவன், மருமகள், பிள்ளைகள் வந்தார்கள். அவருடைய அக்கா சௌந்தரம் அண்ணி கரூரிலிருந்து வந்தார். ஐயர் வந்து முடித்துக் கொடுத்துப் போனார். எல்லாச் சமையலும் நானே. பாயசமும் வைத்தேன். துரையை அறையில் போட்டுத் தாழிட்டேன்.

கதிரவன்தான் இலை வைத்தான். எல்லோரும் கொல்லையில் நின்று கூப்பிட்டோம். காக்கைகள் எதிர்வீட்டு மாமரத்தில் இருந்தன, சத்தம் கேட்டது. வரவில்லை. காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் கை நனைக்கக்கூடாது. பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்தார்கள். உள்ளே துரை கதவைப் பிராண்டிக்கொண்டு கத்தினான், பாயச வாசனை போயிருக்கும்.

அண்ணி நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "தையலு, என் தம்பி மனசுல ஏதோ கொற இருக்கு. எதையோ கேட்டிருக்கான், நீ குடுக்கல."

கதிரவன் என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனான். காதோடு சொன்னான். "அம்மா, துரைய ஒரு நிமிஷம் தொறந்து விட்டுருவோம். நான் அத்தைய உள்ள கூட்டிட்டுப் போயிடுறேன். எல காலியானா போதும், அவங்களும் நிம்மதியாச் சாப்பிடுவாங்க. அப்பா வளத்த பூனதானேம்மா? அப்பாவே வந்து சாப்பிட்ட மாதிரி நெனச்சுக்க. ஒரு தடவ தின்னா என்னாயிரப் போவுது?"

தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டான். நானும் ஒரு கணம் சும்மா இருந்தேன். மறைப்பானேன், ஆசையாக இருந்தது. வழித்த இலையை எடுத்து அண்ணியிடம் காட்டலாம். கொற ஒண்ணும் இல்ல அண்ணி, பாருங்க என்று சொல்லலாம்.

அவன் கையை எடுத்து விட்டேன். கொல்லைக்குப் போனேன்.

"ஆமா அண்ணி. பாயசம் கேட்டார். ஒரு கரண்டி. நான் குடுக்கல" என்றேன். "கடைசியாக் கேட்டது அதுதான். மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். அன்பாச் சொல்லியிருக்கலாம், அது என் தப்புதான். ஆனா இன்னிக்குக் கேட்டாலும் குடுக்க மாட்டேன். அவருக்குக் கோபம்னா இருக்கட்டும். பிள்ளைங்க பசியில நிக்குதுங்க, எல்லாரும் சாப்பிட வாங்க."

கதிரவன்தான் முதலில் இலை போட்டான். நான் பரிமாறினேன். சாம்பாரைக் கொஞ்சம் தரையில் சிந்திவிட்டேன். அண்ணி சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது என் முதுகில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

மதிலில் இருந்த இலையை எடுத்துக் கொட்டிவிட்டு, துரையின் கோழியோடு அறைக்குப் போனேன். கத்திக் கத்தித் தொண்டை கம்மியிருந்தான். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். இருவருமே என்மேல் கோபமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஒருவனாவது உயிரோடு இருந்து கோபப்படட்டும்.

மாத்திரையைக் கோழித் துண்டுக்குள் திணித்து நீட்டினேன். ரொம்ப நேரம் திரும்பவே இல்லை. பிறகு திரும்பி, என் விரலை நறுக்கென்று கடித்துவிட்டு, அதைத் தின்றான்.